பரவல் மென்பொருளையும் அதன் பிணையத்தையும் ஒரே கணித மாதிரியில் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே நொடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த தரவு, நொடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது. அந்த இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு வெறும் 400 கெஜம்தான். கோளாறு கம்பியில் இல்லை. நெரிசலில் தாமதமான பாக்கெட்டுகளை, அதாவது தரவுப் பொட்டலங்களை, தொலைந்தவை என்று கருதிய முனைக் கணினிகளின் மென்பொருள், அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. அப்படி அனுப்பியவையே நெரிசலை மேலும் பெருக்கின. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரை இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குகிறது. கணினிகளுக்கிடையே தரவைத் தொலையாமல் கொண்டு சேர்க்கும் நெறிமுறையான இன்றைய டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டுக்கு அடித்தளமிட்ட கட்டுரை அது.

பல கணினிகளில் பிரிந்து ஓடும் பரவல் மென்பொருளின் செயல்திறனைக் கணிக்க முனைபவர்கள் இந்த நிகழ்வை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். மென்பொருள் பக்கத்தவர்கள் வரையும் படத்தில் பிணையம் ஒரு மாறாத எண்ணாக, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கோடாக, நின்றுவிடுகிறது. பிணையப் பக்கத்தவர்கள் வரையும் படத்திலோ மென்பொருள், பிட்டுகளைக் கொட்டும் ஒரு குழாய்தான். உண்மையான நெருக்கடிகள் பெரும்பாலும் இந்த இரண்டு படங்களும் சந்திக்கும் இடத்தில்தான் பிறக்கின்றன. ஆகவே இரண்டையும் ஒரே கணித மாதிரிக்குள் கொண்டுவரும் முறையை, ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை கணக்கிட்டபடியே விளக்குகிறேன்.

முதல் படி: கேள்வியை எண்ணாக்குதல்

பேருந்து இருக்கை முன்பதிவுச் சேவை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஒரு பயன்பாட்டுச் சர்வரும் ஒரு தரவுத்தளச் சர்வரும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. தரவுத்தளத்தை, கம்பி வழியே 1,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு தரவு மையத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறது நிர்வாகம். "மாற்றினால் வேகம் குறையுமா?" என்பது மாதிரிக்கு ஏற்ற கேள்வி அன்று. "உச்ச நேரத்தில் நொடிக்கு 200 பதிவுக் கோரிக்கைகள் வரும்போது அவை அனைத்தையும் ஏற்க முடியுமா, சராசரி மறுமொழி நேரம் எவ்வளவு?" என்று கேட்டால்தான், எதை மாதிரியில் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய முடியும்.

இரண்டாம் படி: கோரிக்கையின் வழியை வரைந்து நடைகளை எண்ணுதல்

ஒரு கோரிக்கை எந்தெந்தச் சர்வரை எத்தனை முறை தொடுகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை பைட் போய்வருகிறது, அனுப்பியவர் பதிலுக்காகக் காத்திருக்கிறாரா, இல்லையா என்பவற்றைக் கோடுகளாக வரைய வேண்டும். இதில் மிக முக்கியமான எண் நடைகளின் எண்ணிக்கை. பயன்பாட்டுச் சர்வர் தரவுத்தளத்திடம் ஒரு வினவலை அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருந்தால் அது ஒரு நடை. நம் சேவையில் ஒரு பதிவுக்கு ஆறு நடைகள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

ஆவணத்தில் எழுதியிருப்பதை நம்பி இந்த எண்ணைக் குறித்துவிடக் கூடாது. நிரலாளர் ஒரே வரியில் எழுதிய அழைப்பு, நடுவில் இருக்கும் நிரல் நூலகத்தின் தயவால் பத்து வினவல்களாகப் பிரிந்து போவது அன்றாட நிகழ்ச்சி. ஒரே ஒரு பயனரை வைத்து ஒரே ஒரு பதிவைச் செய்து, கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து எண்ணிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. ஒரு மணி நேரம்கூட ஆகாத இந்த வேலை, பின்னால் செய்யவிருக்கும் அத்தனை கணக்குகளையும்விட அதிகமான உண்மையைச் சொல்லிவிடுவதுண்டு.

மூன்றாம் படி: சேவைத் தேவையை அளத்தல்

ஒரு கோரிக்கை ஒரு வளத்தில் மொத்தம் எவ்வளவு நேரம் வேலை வாங்குகிறது என்பதே சேவைத் தேவை. காத்திருக்கும் நேரம் இதில் சேராது. இதை நேரடியாக அளப்பது கடினம். ஆனால் பீட்டர் டென்னிங், ஜெஃப்ரி பூசன் ஆகியோர் 1978இல் தொகுத்தளித்த செயல்முறைப் பகுப்பாய்வின் எளிய விதி ஒன்று கைகொடுக்கிறது:

சேவைத் தேவை = பயன்பாட்டு விகிதம் ÷ செயல்வீதம்

பயன்பாட்டு விகிதம் என்பது வளம் வேலையில் இருந்த நேரத்தின் பங்கு; செயல்வீதம் என்பது ஒரு நொடியில் முடிந்த கோரிக்கைகளின் எண்ணிக்கை. பத்து நிமிடங்களில் 96,000 கோரிக்கைகள் முடிந்திருந்தால் செயல்வீதம் நொடிக்கு 160. அந்த நேரத்தில் நான்கு கோர் (தனித்தனியே வேலை செய்யும் செயலிப் பகுதி) கொண்ட பயன்பாட்டுச் சர்வரின் செயலி சராசரியாக 48 விழுக்காடு வேலை செய்திருந்தால், 1.92 கோர்கள் முழு நேரமும் உழைத்ததாகப் பொருள். அதை 160ஆல் வகுத்தால் ஒரு கோரிக்கைக்கு 12 மில்லிநொடி. இவ்வாறே தரவுத்தளச் செயலி (கணக்கு எளிமைக்காக ஒரே கோர்) 57.6 விழுக்காடு என்றால் 3.6 மில்லிநொடி, டிஸ்க் 32 விழுக்காடு என்றால் 2 மில்லிநொடி.

இதில் ஒரு பொறி உண்டு. காப்புப்பிரதி எடுத்தல், பதிவேடுகளைச் சுருக்குதல் போன்ற பின்னணி வேலைகளும் அதே செயலியில்தான் ஓடுகின்றன. ஒரே ஒரு சுமை நிலையில் அளந்தால் அவற்றின் பங்கும் கோரிக்கையின் கணக்கில் ஏறிவிடும். ஆகவே நான்கைந்து சுமை நிலைகளில் அளந்து, செயல்வீதத்துக்கு எதிராகப் பயன்பாட்டு விகிதத்தைப் புள்ளிகளாக இட்டு நேர்கோடு பொருத்த வேண்டும். கோட்டின் சாய்வுதான் சேவைத் தேவை. சுமை சுழியாக இருக்கும்போதும் மிஞ்சி நிற்பது பின்னணி வேலை.

பிணையத் தாமதத்தை அளக்கும்போது, ஒரு கணினியின் கடிகாரத்தில் அனுப்பிய நேரத்தையும் இன்னொரு கணினியின் கடிகாரத்தில் பெற்ற நேரத்தையும் கழித்துப் பார்க்க வேண்டாம். இரு கடிகாரங்களுக்கும் சில மில்லிநொடி வேறுபாடு இருக்கலாம்; நாம் அளக்க முனைவதும் அதே அளவுதான். போய்வரும் நேரத்தை ஒரே கடிகாரத்தில் அளப்பதே சரி.

நான்காம் படி: வரிசைகளின் கணக்கு

இங்கே உதவுவது வரிசைக் கோட்பாடு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங், அழைப்புகள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைக் கண்டறிய 1909 முதல் வெளியிட்ட கட்டுரைகளே அதன் ஊற்று. ஒரே கோர் கொண்ட வளத்துக்கு, வரவுகள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன, சேவை நேரங்களும் அதே போன்ற தற்செயலில் மாறுகின்றன என்று கொண்டால், காத்திருப்பையும் சேவையையும் சேர்த்த தங்கும் நேரம் இது:

தங்கும் நேரம் = சேவைத் தேவை ÷ (1 − பயன்பாட்டு விகிதம்)

நொடிக்கு 200 கோரிக்கை வரும்போது தரவுத்தளச் செயலி 72 விழுக்காடு நிறைகிறது, 3.6ஐ 0.28ஆல் வகுத்தால் 12.9 மில்லிநொடி. டிஸ்க் 40 விழுக்காடு, 3.3 மில்லிநொடி. நான்கு கோர்ப் பயன்பாட்டுச் சர்வர் 60 விழுக்காடு. அதற்கு எர்லாங்கின் பல சேவையர் வாய்பாட்டைப் பயன்படுத்தினால், வந்து சேரும் கோரிக்கை காத்திருக்க நேரும் வாய்ப்பு 0.29 என்றும், தங்கும் நேரம் சுமார் 14.2 மில்லிநொடி என்றும் கிடைக்கிறது. ஒரே கூடத்துக்குள் ஒரு நடைக்கு 0.2 மில்லிநொடி வீதம் ஆறு நடைக்கு 1.2 சேர்த்தால், மொத்தம் ஏறத்தாழ 31.5 மில்லிநொடி.

இந்த வாய்பாட்டின் வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். சுமை 200இலிருந்து 250ஆக, அதாவது கால் பங்கு மட்டும் கூடினால், தரவுத்தளத்தின் பயன்பாட்டு விகிதம் 90 விழுக்காடாகி, தங்கும் நேரம் 12.9இலிருந்து 36 மில்லிநொடிக்குத் தாவுகிறது. "இன்னும் பத்து விழுக்காடு மிச்சம் இருக்கிறதே" என்ற ஆறுதல் இதனால்தான் பொருந்தாது.

ஐந்தாம் படி: பிணையத்தைப் பிரித்துப் பார்த்தல்

பிணையத் தாமதத்தை நான்காகப் பிரிக்கலாம்: ஒளி கம்பிக்குள் பயணிக்கும் நேரம், பிட்டுகளைக் கம்பியில் ஏற்றும் நேரம், இடைப்பட்ட ஸ்விட்ச்களும் ரவுட்டர்களும் செய்யும் வேலைக்கான நேரம், அவற்றின் வரிசைகளில் காத்திருக்கும் நேரம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி. 1,400 கிலோமீட்டருக்குப் போக 7, வர 7 என ஒரு நடைக்கு 14 மில்லிநொடி. இதை எந்தப் பணத்தாலும் குறைக்க முடியாது. ஏற்றும் நேரம் இதன் முன் அற்பமானது: 1,500 பைட் பாக்கெட்டை 1 கிகாபிட் இணைப்பில் ஏற்ற 12 மைக்ரோநொடி, 10 கிகாபிட் இணைப்பில் 1.2 மைக்ரோநொடி. ஆகவே தொலைதூரச் சிறு வினவல்கள் தாமதிக்கும்போது "இணைப்பின் அகலத்தைக் கூட்டுங்கள்" என்று கேட்பது, தூரத்து ஊருக்குச் சீக்கிரம் போய்ச் சேரச் சாலையை அகலமாக்கச் சொல்வது போன்றது.

பெரிய பதில்களுக்குக் கணக்கு வேறு. புதிய டிசிபி இணைப்பு முதல் சுற்றில் வழக்கமாகப் பத்து பாக்கெட்டுகளை, அதாவது ஏறத்தாழ 14,600 பைட்டை, அனுப்பும். ஒப்புகை வந்த பின் அடுத்த சுற்றில் அதை இரட்டிப்பாக்கும். 1,00,000 பைட் பதில் 14,600, 29,200, 58,400 என மூன்று சுற்றுகளில்தான் போய் முடியும். இணைப்பை நிறுவ ஒரு நடை, டிஎல்எஸ் 1.3 மறையாக்கத்துக்கு இன்னொரு நடை. ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்கிறீர்களா, திறந்த இணைப்பையே மீண்டும் பயன்படுத்துகிறீர்களா என்பது மாதிரியில் தனியாக இடம்பெற வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இணைப்புகள் திறந்தே இருக்கின்றன, பதில்களும் சிறியவை என்று கொள்கிறேன்.

தரவுப் பிரதி எடுப்பது போன்ற நீண்ட ஓட்டங்களுக்கு இரண்டு வரம்புகளைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது சாளர அளவு, அதாவது ஒப்புகை வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவு: பெறுபவரின் சாளரம் 65,535 பைட்டில் நின்றுவிட்டால், 14 மில்லிநொடித் தொலைவில் எவ்வளவு அகலமான இணைப்பிலும் நொடிக்கு 37 மெகாபிட்டுக்கு மேல் ஓடாது. இரண்டாவது பாக்கெட் இழப்பு. 1997இல் மேத்திஸ் குழுவினர் தந்த வாய்பாட்டின்படி, டிசிபி ஓட்டத்தின் வேகம் போய்வரும் நேரத்துக்கும் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால், 1 கிகாபிட் இணைப்பிலும் தனியொரு ஓட்டம் சுமார் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். இது பழைய ரெனோ வகை டிசிபிக்கான கணக்கு. லினக்ஸ் இன்று இயல்பாகப் பயன்படுத்தும் கியூபிக் நீண்ட தொலைவுகளில் இதைவிடச் சற்று நன்றாகச் செய்யும் என்பதால், கிடைக்கும் எண்ணைத் தாழ்ந்த மதிப்பீடாகக் கொள்ளலாம்.

ஆறாம் படி: மென்பொருளுக்குள் இருக்கும் வளங்களைச் சேர்த்தல்

இந்த வழிகாட்டியின் உயிர்நிலை இந்தப் படிதான். பலர் கட்டும் மாதிரிகளில் செயலியும் டிஸ்க்கும் இருக்கும். திரெட் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கையாளும் நிரல் ஓட்டம்), தரவுத்தள இணைப்பு, பூட்டு (ஒரே தரவை இருவர் ஒருசேர மாற்றாமல் தடுப்பது) ஆகியவை இருக்காது. ஆனால் இவையும் எண்ணிக்கையில் அடங்கிய வளங்களே. இவற்றுக்கும் வரிசை உண்டு. ஒரு கோரிக்கை இவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டே வேறொரு வளத்துக்காகக் காத்திருக்கவும் செய்கிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முர்ரே வுட்சைடு குழுவினர் வளர்த்தெடுத்த அடுக்கு வரிசை மாதிரிகள் இந்தப் பிடித்தபடியே காத்திருக்கும் நிலையைக் கணக்கிடவே பிறந்தவை.

இப்போது தரவுத்தளத்தை 1,400 கிலோமீட்டர் தள்ளி வைப்போம். ஆறு நடைக்கு 84 மில்லிநொடி. மறுமொழி நேரம் 14.2 + 12.9 + 3.3 + 84, அதாவது சுமார் 114 மில்லிநொடி. மனிதர் ஒருவர் இதைப் பெரிதாக உணர மாட்டார். செயலிகளின் சுமையும் மாறவில்லை. திட்டத்துக்கு ஒப்புதல் தந்துவிடலாம் என்றே தோன்றும்.

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதியை இங்கே பயன்படுத்துங்கள்:

உள்ளே இருக்கும் கோரிக்கைகள் = வரவு வீதம் × தங்கும் நேரம்

ஒரே கூடத்தில் இருந்தபோது 200 × 0.0315, அதாவது சராசரியாக 6.3 திரெட்கள் போதுமாக இருந்தன. இப்போது 200 × 0.114, அதாவது 22.9 திரெட்கள் தேவை. பயன்பாட்டுச் சர்வரில் 20 திரெட்கள்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன என்றால்? எந்த வளத்திலும் யாரும் வரிசையில் நிற்கவே இல்லை என்று மிகச் சாதகமாகக் கொண்டாலும், ஒரு கோரிக்கை ஒரு திரெட்டைப் பிடித்திருக்கும் நேரம் 12 + 3.6 + 2 + 84, அதாவது 101.6 மில்லிநொடி, 20 திரெட்களால் நொடிக்கு 197 கோரிக்கைகளுக்கு மேல் முடிக்க இயலாது. வரிசைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 180ஐ ஒட்டி நிற்கும். வருவதோ 200. மிஞ்சுபவை வாசலில் குவிந்துகொண்டே போகும். மறுமொழி நேரம் 114இல் நிற்காமல் உச்ச நேரம் முடியும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கண்காணிப்புத் திரையில் செயலி 60 விழுக்காட்டுக்கும் கீழே, தரவுத்தளம் 70 விழுக்காட்டுக்கும் கீழே, பிணைய இணைப்பு ஏறத்தாழக் காலியாகத் தெரியும். ஒவ்வொரு குழுவும் தன் பகுதி நலமாக இருப்பதாகச் சொல்லும். தம் பகுதியைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

திரெட்களை 40 ஆக்கினால் தீராதா என்று கேட்கலாம். இந்த நெருக்கடி தீரும். ஆனால் அடுத்தது காத்திருக்கிறது. பதிவு நடவடிக்கை மூன்றாவது வினவலில் அந்தப் பேருந்தின் இருக்கைப் பட்டியலைப் பூட்டி, ஆறாவது வினவலில் விடுவிக்கிறது என்று கொள்வோம். இடையில் மூன்று நடை, 42 மில்லிநொடி. பூட்டு என்பது ஒரே ஒரு சேவையர் கொண்ட வரிசை. ஆகவே ஒரு பேருந்துக்கு நொடிக்கு 23 பதிவுகளுக்கு மேல் முடியாது. சாதாரண நாளில் இது போதும். பண்டிகைக்கு முந்தைய நாள் எல்லோரும் ஒரே வண்டியைத் தேடும்போது, எத்தனை திரெட் சேர்த்தாலும் அவை அத்தனையும் அந்தப் பூட்டின் வாசலில்தான் போய் நிற்கும். மற்றப் பேருந்துகளுக்கான கோரிக்கைகளுக்கும் திரெட் கிடைக்காமல் போகும்.

ஆறு வினவல்களை, தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்து ஓட்டும் நிரலான சேமிப்புச் செயல்முறை வழியாக இரண்டு நடைகளாகச் சுருக்கி, பூட்டுவதையும் விடுவிப்பதையும் ஒரே நடைக்குள் அடக்கினால், பிணைய நேரம் 28 மில்லிநொடி, மறுமொழி நேரம் சுமார் 58 மில்லிநொடி, தேவையான திரெட்கள் 11.7, பூட்டின் மீது தொலைவின் பாரமே இல்லை. இதனால்தான் இரண்டாம் படியில் நடைகளை எண்ணச் சொல்லி அவ்வளவு வற்புறுத்தினேன்.

ஏழாம் படி: சராசரிக்கு அப்பால்

மேலே செய்த கணக்குகளில் வரவுகள் சீரான தற்செயலில் வருகின்றன என்று கொண்டோம். பெல்கோர் ஆய்வகத்தின் ஈதர்நெட் அளவீடுகளை வைத்து லேலண்ட் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் காட்டியபடி, பிணையப் போக்குவரத்து அவ்வாறு நடந்துகொள்வதில்லை. எந்தக் கால அளவில் பார்த்தாலும் கொத்துக்கொத்தாகவே வருகிறது. கிங்மன் 1961இல் தந்த தோராய வாய்பாட்டின்படி, வரவு இடைவெளிகளின் சிதறலையும் (திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து வர்க்கமாக்கிய எண்) சேவை நேரத்தின் சிதறலையும் கூட்டி இரண்டால் வகுத்து, காத்திருக்கும் நேரத்தை அதனால் பெருக்க வேண்டும். வரவின் சிதறல் 4, சேவையின் சிதறல் 1 என்றால் காத்திருப்பு இரண்டரை மடங்கு. நம் தரவுத்தளத்தில் 9.3 மில்லிநொடிக் காத்திருப்பு 23 ஆகும்.

வாலை, அதாவது மிக மெதுவாக முடியும் சில கோரிக்கைகளை, கணிக்கும்போது எளிய நிகழ்தகவே நெடுந்தூரம் அழைத்துச் செல்லும். ஒரு நடை மெதுவாக முடியும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், ஆறு நடைகளில் ஒன்றாவது மெதுவாகும் வாய்ப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு. ஒரே கோரிக்கை 100 சர்வர்களை ஒருசேரக் கேட்கும் அமைப்பில் அது 63 விழுக்காடு. அதேபோல் ஒரு பதிவுக்கு 12 பாக்கெட்டுகள் ஓடி, பத்தாயிரத்தில் ஒன்று தொலைந்தால், ஆயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட பதிவுகளில் ஓர் இழப்பு நேரும். சிறு செய்தியின் கடைசிப் பாக்கெட் தொலைந்தால் அதை உடனே கண்டறிய வழி குறைவு. லினக்ஸ் குறைந்தது 200 மில்லிநொடி காத்திருந்தே மீண்டும் அனுப்பக்கூடும். உங்கள் 99.9ஆவது நூற்றுமானத்தில், அதாவது ஆயிரத்தில் 999 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரத்தில், திடீரென்று 200 மில்லிநொடிப் படிக்கட்டு ஒன்று தெரிந்தால், நிரலைத் தோண்டும் முன் இழப்பு எண்ணிக்கையைப் பாருங்கள்.

மறுமுயற்சிகளைத் தவறாமல் சேர்க்க வேண்டும். மூன்று அடுக்குகள் உள்ள அமைப்பில் ஒவ்வோர் அடுக்கும் மும்முறை முயன்றால், அடியில் இருக்கும் தரவுத்தளத்துக்கு ஒரு கோரிக்கை 27ஆகப் போய்ச் சேரலாம். காலக்கெடு தாண்டிய கோரிக்கைகளின் பங்கை மதிப்பிட்டு, அதை வரவு வீதத்தில் கூட்டி மீண்டும் கணக்கிடுங்கள். எண்கள் ஒரு நிலையில் அமைந்தால் அமைப்பு தாங்கும்; ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போனால், 1986இல் பெர்க்லியில் நடந்தது உங்கள் சேவையிலும் நடக்கும்.

எட்டாம் படி: சிமுலேஷன் எப்போது?

கையால் போடும் கணக்கு போதாத இடங்கள் உண்டு: காலக்கெடு, முன்னுரிமை, பல டிசிபி ஓட்டங்கள் ஒரே ஸ்விட்ச் வாயிலில் மோதுதல் போன்றவை. அப்போது என்எஸ்-3, ஓம்நெட்++ போன்ற நிகழ்வுவழிச் சிமுலேட்டர்களுக்குப் போகலாம். பாக்கெட் பாக்கெட்டாகப் பின்தொடர்வது விலை உயர்ந்த வேலை. நிறைந்தோடும் ஒரு 10 கிகாபிட் இணைப்பில் மட்டும் நொடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முழு அளவுப் பாக்கெட்டுகள் ஓடும். ஆகவே சந்தேகத்துக்குரிய இணைப்பை மட்டும் பாக்கெட் அளவில் வைத்து, மற்றவற்றை ஆறாம் படியின் எண்களால் நிரப்புவது நல்லது. தொடக்க நிலையின் தாக்கம் நீங்கும்வரை வரும் முடிவுகளை ஒதுக்கி, தற்செயல் எண்களுக்கு வெவ்வேறு தொடக்க விதைகளுடன் பலமுறை ஓட்டிச் சராசரியை எடுங்கள்.

ஒன்பதாம் படி: கணிப்பை முன்பே எழுதிவைத்துச் சோதித்தல்

சோதனைக்கு முன், மாதிரி சொல்லும் எண்களைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். சோதனை முடிந்த பின் மாதிரியைத் திருத்திப் பொருத்துவது எவருக்கும் எளிது. சுமை உண்டாக்கும் கருவி, பதில் வந்த பிறகே அடுத்த கோரிக்கையை அனுப்பும் வகையாக இருக்கக் கூடாது. சேவை தடுமாறும் வேளையில் அந்தக் கருவியும் நின்றுவிட்டால், மோசமான கணங்கள் அளவீட்டில் விழாமலே போய்விடும். நொடிக்கு 200 என்றால், பதில் வந்தாலும் வராவிட்டாலும் 200 அனுப்ப வேண்டும். நேரத்தையும் அனுப்பியிருக்க வேண்டிய கணத்திலிருந்தே எண்ண வேண்டும்.

பயன்பாட்டு விகிதங்கள் 10 விழுக்காட்டுக்குள்ளும் மறுமொழி நேரம் 30 விழுக்காட்டுக்குள்ளும் பொருந்தினால் மாதிரியை ஏற்றுக்கொள்வேன். பொருந்தாதபோது எது பொருந்தவில்லை என்பதே அடுத்து எங்கே தேடுவது என்று சொல்லிவிடும். இரண்டு நடைகளாகச் சுருக்கிய நம் சேவையில், செயலி 60 விழுக்காடு, தரவுத்தளம் 72 விழுக்காடு என்ற கணிப்புகள் பலித்தும், நிலுவையிலுள்ள திரெட்கள் 12க்குப் பதில் 18 என்று வந்தால், ஒவ்வொரு கோரிக்கையும் கணக்கில் இல்லாத 30 மில்லிநொடியை எங்கோ செலவிடுகிறது. அது 14 மில்லிநொடி கொண்ட இரண்டு நடைகளுக்கு ஏறத்தாழச் சமம். பாக்கெட் பதிவை மீண்டும் திறந்து, சுருக்கியதாக நினைத்த வினவல்களில் எவை இன்னும் தனித்தனியே போய்வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.